கட்டளைக்குள் கட்டளை கண்ட அறிஞர் ஆலன் டூரிங்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

பெரிய வேலையைச் சிறிய வேலைகளாகப் பிரித்தல். பிரித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தல். பெயரைச் சொன்னதும் அந்த வேலையைச் செய்து முடித்து, விட்ட இடத்திற்கே திரும்பி வருதல். கணிப்பொறி உலகம் முழுவதும் இம்மூன்றின் மேல்தான் நிற்கிறது என்றால் அது மிகையாகாது. ஆய்வுக்கூடத்தில் கருந்திரையின் முன் அமர்ந்து, ஒரு கட்டளையையும் அதனை அடுத்து ஒரு துணைக்கட்டளையையும் தட்டச்சு செய்கின்ற நாம், இம்முறையைத் தெளிவுற எண்ணித் தாளில் எழுதி வைத்த முன்னோடி ஒருவரைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. அவர்தாம் ஆலன் மாத்திசன் டூரிங். நாற்பத்தோராண்டுகளே வாழ்ந்து மறைந்த அப்பெருமகனாரின் வரலாற்றை, அவருடைய அந்த ஒரு கருத்தை மையமாகக் கொண்டு, என் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் இங்கு எழுதுகிறேன்.

தமிழ் மண்ணின் உறவு

டூரிங் ஆங்கிலேயர். ஆயினும் அவர் குடும்பத்தின் வேர்களுள் ஒன்று நம் மண்ணில் ஊன்றியிருந்தது என்பதைப் பலர் அறியார். அவருடைய தாயார் ஈத்தல் சாரா ஸ்டோனி 1881-ஆம் ஆண்டு கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் எட்வர்டு வாலர் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராகத் திகழ்ந்தவர். துங்கபத்திரை ஆற்றின் மேல் பாலம் கட்டியவர். அக்காலத்தில் துரைமார் வீடுகளில் கயிறு கட்டி இழுக்கும் பங்கா ஓசையின்றி ஆடும்படி ஒரு சக்கரத்தைக் கண்டுபிடித்து அதற்குக் காப்புரிமையும் பெற்றவர். தந்தையார் ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் 1908-ஆம் ஆண்டு குன்னூரில் பிறந்தார். 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் லண்டனில் ஆலன் பிறந்தார்.

தந்தையின் பணி இங்கே. பிள்ளைகளின் வளர்ப்பு அங்கே. ஆலன் கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் இருவரும் சென்னை மாகாணத்திற்குத் திரும்பிவிட, அண்ணனும் தம்பியும் இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றில் ஓய்வு பெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் இல்லத்தில் வளர்ந்தனர். தாய்முகம் காண ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிள்ளைப் பருவம் அவருடையது.

பள்ளியும் நட்பும்

1926-இல், தமது 13-ஆம் வயதில், ஷெர்போர்ன் பள்ளியில் சேரப் புறப்பட்டார். அன்று நாடெங்கும் பொது வேலைநிறுத்தம், ரயில் ஓடவில்லை. சிறுவன் அஞ்சவில்லை. துறைமுகத்தில் இறங்கியதும் மிதிவண்டியில் ஏறி, இடையில் ஓரிரவு ஒரு விடுதியில் தங்கி, 60 மைல் தனியே மிதித்துப் பள்ளியை அடைந்தார். ஏறத்தாழத் தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை உள்ள தொலைவு அது!

பள்ளியில் அவருக்கு வாய்த்த உயிர்த்தோழர் கிறிஸ்டோபர் மார்கம். கணக்கிலும் வானியலிலும் இருவருக்கும் ஒத்த நாட்டம். 1930-ஆம் ஆண்டு பிப்ரவரியில் காசநோய் அத்தோழரைக் கொண்டு சென்றது. அந்தப் பிரிவு டூரிங்கின் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. மனம் என்பது என்ன, உடலாகிய பொறிக்கும் அதற்கும் உள்ள தொடர்பு என்ன என்று அவர் வாழ்நாள் முழுதும் சிந்தித்தமைக்கு இத்துயரமும் ஒரு காரணம் என்பர்.

1931-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் அவர் சேர்ந்தார். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே முதன்முதலாக மின்ரயில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1935-இல், 22 வயதிலேயே, அக்கல்லூரியின் ஆய்வு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தாளில் பிறந்த பொறி

எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அதனை நிறுவ முடியுமா முடியாதா என்று தவறாமல் சொல்லிவிடும் பொதுவான செய்முறை ஒன்று உண்டா? ஹில்பர்ட் என்ற ஜெர்மானியக் கணித மேதை எழுப்பிய வினா இது. 1936-இல் டூரிங் எழுதிய கட்டுரை, அத்தகைய செய்முறை இல்லை என்று நிறுவியது. செய்முறை இல்லை என்று காட்ட வேண்டுமானால், செய்முறை என்றால் என்ன என்று முதலில் வரையறுக்க வேண்டுமன்றோ? அதற்காக அவர் கற்பனையில் ஒரு பொறியைப் படைத்தார்.

கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட முடிவில்லாத நாடா ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டுமே பொறி பார்க்கும். பார்த்த குறியை அழிக்கலாம், வேறு குறி எழுதலாம், இடமோ வலமோ ஒரு கட்டம் நகரலாம். எந்த நிலையில் எந்தக் குறியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஓர் அட்டவணை சொல்லும். அவ்வளவே. ஆனால் இவ்வளவு எளிய பொறிக்குப் பெரிய வேலை ஒன்றைக் கற்பிக்க வேண்டுமானால், அட்டவணை முடிவின்றி நீண்டுவிடும். ஒரே வகையான வரிகளைத் திரும்பத் திரும்ப எழுத நேரும்.

இங்கேதான் டூரிங்கின் நுண்ணறிவு வெளிப்படுகிறது. அடிக்கடி வரும் சிறு வேலைகளைத் தனித்தனிச் சட்டக அட்டவணைகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இட்டார். அவற்றுள் ஒன்று தேடும் வேலை. அதற்கு மூன்று செய்திகளைக் கொடுக்க வேண்டும்: தேட வேண்டிய குறி எது, அது கிடைத்தால் அடுத்து எந்த நிலைக்குச் செல்ல வேண்டும், கிடைக்காவிட்டால் எந்த நிலைக்குச் செல்ல வேண்டும். ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும். எந்தக் குறியைத் தேடவும் அதே அட்டவணையைப் பெயர் சொல்லி அழைக்கலாம். இத்தகைய சிறு அட்டவணைகளைக் கொண்டே, வேறெந்தப் பொறியின் வேலையையும் செய்து காட்ட வல்ல பொதுப்பொறியை அவர் தாளில் கட்டி முடித்தார்.

இதனைப் படித்தபோது என் தந்தையாரின் தொழில் என் நினைவிற்கு வந்தது. அவர் கட்டட வேலையில் மேஸ்திரி. பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கங்களில் எழுந்துள்ள வீடுகள் சிலவற்றில் அவர் உழைப்பு உண்டு. வீடு கட்டு என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. கலவை போடு என்பார். எத்தனை சட்டி என்பார். சித்தாளுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. கம்பி கட்டு என்பார். கம்பி கட்டுபவருக்குக் கலவையைப் பற்றிய கவலை இல்லை. வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் வந்து ஆயிற்று என்றோ, மணல் தீர்ந்தது என்றோ சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகே அடுத்த வேலை. பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய என் தந்தையார் நாள்தோறும் கையாளும் முறையை, ஒரு பொறிக்கும் புரியும்படி வரையறுத்துக் காட்டியது டூரிங்கின் சாதனை என்று கொண்டால், அவர் கட்டுரையின் பெரும்பகுதி நமக்கு எளிதில் விளங்கிவிடும்.

போர்க்காலப் பணி

1936 முதல் 1938 வரை அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச் என்பாரிடம் பயின்று முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1939 செப்டம்பரில் போர் மூண்டது. மறுநாளே பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் மறைகுறியீடுகளை உடைக்கும் பணியில் அவர் அமர்ந்தார்.

ஜெர்மானியர் தம் செய்திகளை எனிக்மா என்ற பொறியால் மறைத்து அனுப்பினர். தரைப்படை பயன்படுத்திய வகையில் மட்டும் அதனைப் பொருத்தி வைக்கும் வழிகள் ஏறத்தாழ 16 லட்சம் கோடி கோடி! ஒவ்வொன்றாகச் சோதிக்க மனித ஆயுள் போதாது. போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் முன்னமே கண்டிருந்த வழிகளைத் துணையாகக் கொண்டு, டூரிங் பாம் என்னும் பெரும்பொறியை வடிவமைத்தார். செய்தியில் இன்ன சொல் இருக்கக்கூடும் என்று ஊகித்து, அவ்வூகத்தோடு முரண்படும் பொருத்தங்களை எல்லாம் கழித்துத் தள்ளுவது அப்பொறியின் வேலை. கோர்டன் வெல்ச்மன் அதனை மேலும் செம்மைப்படுத்தினார். முதல் பொறி 1940 மார்ச்சில் நிறுவப்பட்டது. போர் முடிவதற்குள் அவற்றின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. நீர்மூழ்கிக் கப்பல்களின் செய்திகளை உடைத்த எட்டாம் எண் குடிலுக்கு டூரிங்கே தலைமை தாங்கினார். அட்லாண்டிக் கடலில் எத்தனையோ கப்பல்களும் மாலுமிகளும் காக்கப்பட்டமைக்கு அக்குடிலின் உழைப்பு பெருங்காரணம். ஆனால் இச்செய்தி 1970-கள் வரை அரசாங்க இரகசியமாகவே இருந்தது.

புதைத்தலும் எடுத்தலும்

போர் முடிந்த 1945-ஆம் ஆண்டே டூரிங் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்து, மின்னணுக் கணிப்பொறி ஒன்றுக்கு விரிவான திட்டம் எழுதினார். தாளில் இருந்த பொறியை மின்சாரத்தில் இயக்கும் திட்டம் அது. அதில் துணைச்செயல்களுக்குத் தனி இடம் கொடுத்தார்.

பொறி ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இடையில் ஒரு துணைவேலைக்குச் செல்ல வேண்டும். முடிந்ததும் எங்கே திரும்புவது? செல்லுமுன் திரும்ப வேண்டிய இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். அக்குறிப்பை நினைவகத்தில் வைப்பதற்குப் புதைத்தல் என்றும், திரும்பும்போது எடுப்பதற்குத் தோண்டுதல் என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களை அவர் இட்டார். ஒரு துணைவேலை இன்னொரு துணைவேலையை அழைத்தால், முதல் குறிப்பின் மேல் இரண்டாம் குறிப்பு புதைக்கப்படும். கடைசியில் புதைத்தது முதலில் வெளிவரும். ஆகவே எத்தனை அடுக்கு ஆழம் சென்றாலும் பொறி வழி தவறாது. நாம் முதலாண்டில் அடுக்கு என்று படித்த பாடத்தின் கரு இதுவேயாகும். கேம்பிரிட்ஜில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணிப்பொறியில் வில்க்ஸ், வீலர், கில் ஆகியோர் இத்தகைய துணைநிரல்களை ஒரு நூலகமாகவே தொகுத்துப் பயன்படுத்தினர்.

ஷெல் என்னும் ஓடு

டூரிங் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1969-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பைத் தோற்றுவித்தனர். மனிதர் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கி, இயக்க அமைப்பிடம் ஒப்படைக்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். பருப்பை மூடிய ஓடு போல உள்ளிருக்கும் அமைப்பை அது சூழ்ந்திருக்கிறது. 1979-இல் ஸ்டீவன் போர்னின் ஷெல்லும், 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷும் வெளிவந்தன. தாம்சனும் ரிச்சியும் 1983-இல் பெற்ற பரிசின் பெயரே டூரிங் விருது என்பது எவ்வளவு பொருத்தம்! 1966 முதல் வழங்கப்படும் அவ்விருதை 1994-இல் பெற்றவர்களுள் ஒருவரான ராஜ் ரெட்டி, 1958-இல் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பட்டம் பெற்றவர். நாம் மின்ரயிலில் நாள்தோறும் கடந்து செல்லும் அதே கிண்டிதான்.

டூரிங்கின் கருத்து நம் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்திருக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். மூத்த மாணவர்கள் விட்டுச்செல்லும் பாடநூல்களை இளையவர்களுக்கு இரவல் தரும் வழக்கம் எங்கள் வகுப்பில் உண்டு. எல்லாப் புத்தகங்களையும் விலைக்கு வாங்க இயலாத எங்களுக்கு அது பெருந்துணை. யாரிடம் எந்தப் புத்தகம் இருக்கிறது என்ற கணக்கிற்காக ஒரு ஷெல் நிரல் எழுதினேன். நிரலின் பெயர் நூல். அதன் துணைக்கட்டளைகள் நான்கு: சேர், கொடு, பெறு, பட்டியல்.

நூல் கொடு 42 17 என்று தட்டச்சு செய்தால், 42-ஆம் எண் புத்தகத்தை 17-ஆம் வரிசை எண் மாணவருக்குக் கொடுத்ததாகப் பதிவாகும். நிரலின் பெயரை அடுத்து வரும் சொற்களை ஷெல் 1, 2, 3 என்று எண்ணி வைத்துக்கொள்ளும். முதற்சொல் கொடு. கேஸ் என்னும் அமைப்பு அச்சொல்லைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டு, உரிய செயற்கூற்றைத் தேர்ந்தெடுக்கும். ஷிஃப்ட் என்னும் கட்டளை அந்த முதற்சொல்லை நீக்கிவிடும். அப்போது 42 முதலாவதாகவும் 17 இரண்டாவதாகவும் முன்நகரும். கொடு என்ற செயற்கூறு தனக்கு வந்த இரண்டு எண்களை மட்டுமே அறியும். வேலை நன்கு முடிந்தால் சுழியம் என்ற எண்ணோடு திரும்பும். புத்தகம் முன்பே வெளியே சென்றிருந்தால் 1 என்ற எண்ணோடு திரும்பும். பட்டியலில் இல்லாத சொல்லை ஒருவர் தட்டச்சு செய்தால், கேஸின் இறுதியில் உள்ள உடுக்குறி அதனைப் பிடித்துக்கொண்டு, எவ்வாறு பயன்படுத்துவது என்ற குறிப்பைத் திரையில் காட்டும். நாளை ஐந்தாவதாக ஒரு துணைக்கட்டளை வேண்டுமென்றால், புதிய செயற்கூறு ஒன்றும் கேஸில் அதற்குரிய பிரிவு ஒன்றும் எழுதினால் போதும். பழைய நான்கையும் தொட வேண்டியதில்லை. தேட வேண்டிய குறி, கிடைத்தால் ஒரு வழி, கிடைக்காவிட்டால் வேறு வழி என்ற 1936-ஆம் ஆண்டு அட்டவணையின் பேரப்பிள்ளை இது என்று சொல்லத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூனிகோடு எழுத்தில் எழுதிய தமிழ்ச் சொற்களைக் கேஸ் தயக்கமின்றி ஒப்பிடுகிறது. அதிலும் நூல் கொடு, நூல் பெறு என்னும்போது பொருள் முன்னும் வினை பின்னும் அமைந்து நம் வாக்கியமாகவே நிற்கிறது! ஆங்கிலம் சரளமாக வந்தவர்க்கே கருந்திரை வசப்படும் என்று எண்ணி ஒதுங்கி நிற்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளாகிய நான் அவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: அந்தத் திரை நம் குலத்தையோ, பள்ளியையோ, பேச்சு வழக்கையோ கேட்பதில்லை. வேலையைத் தெளிவாகப் பிரித்திருக்கிறோமா என்று மட்டுமே பார்க்கிறது.

துன்ப முடிவு

1948-இல் டூரிங் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். அங்கிருந்த கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர்க்கான கையேட்டை எழுதினார். பொறி சிந்திக்குமா என்ற வினாவை ஆராய்ந்து 1950-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு வித்திட்டது. 1951-இல் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். நெடுந்தூர ஓட்டத்திலும் வல்லவர். 1947-இல் மாரத்தான் தொலைவை 2 மணி 46 நிமிடங்களில் ஓடி முடித்தவர்.

இத்தகைய மனிதரை அவர் நாடு எவ்வாறு நடத்தியது? 1952-இல் தம் வீட்டில் நடந்த திருட்டு குறித்து அவர் காவல் துறையிடம் முறையிட்டார். விசாரணையில், அவர் ஆணொருவரை விரும்பியவர் என்பது தெரியவந்தது. அன்றைய ஆங்கிலச் சட்டம் அதனைக் குற்றமாக்கியிருந்தது. முறையிட வந்தவரே குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். சிறைக்கு மாற்றாக ஓராண்டுக் காலம் உடலின் இயல்பைக் குலைக்கும் மருந்தை ஏற்க வேண்டியதாயிற்று. அரசாங்க இரகசியப் பணியின் கதவும் அடைக்கப்பட்டது. 1954 ஜூன் 7-ஆம் நாள், 42-ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருக்கையில், சயனைடு நஞ்சால் உயிர் துறந்தார். விசாரணை அதனைத் தற்கொலை என்றது. விபத்து என்றே தாயார் இறுதிவரை நம்பினார். போத்தனூரில் பிறந்த அந்தத் தாய்தான், மகனுக்கு முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1959-இல் வெளியிட்டார்.

2009-இல் பிரிட்டன் பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2013-இல் அரசியார் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 2021-இல் 50 பவுண்டு நாணயத்தாளில் அவர் உருவம் இடம்பெற்றது. அதே பேரரசு 1860-இல் நம் நாட்டிலும் விட்டுச்சென்றதே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. வயது வந்தோர் தம் விருப்பத்தோடு கொள்ளும் உறவை அது குற்றமாக்கியது செல்லாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாம் பெறும் பாடம்

நண்பர்களே! துணைவேலைக்குச் செல்லும் பொறி திரும்பும் வழியை மறக்கக்கூடாது என்று எண்ணி அதற்கு வழி செய்தவர் டூரிங். அவருக்குத் திரும்பும் வழியை அவர் காலத்துச் சமுதாயம் வைக்கவில்லை. மன்னிப்புக் கோருவதற்கே 55 ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர் செய்திருக்கக்கூடிய எத்தனை ஆராய்ச்சிகளை உலகம் இழந்ததோ!

நம் வகுப்புகளிலும் ஏதோ ஒரு வகையில் பிறரினும் வேறுபட்டவர்கள் இருப்பார்கள். பேச்சிலும் நடையிலும் மாறுபட்டவர் என்று கேலிக்கு ஆளாகிக் கடைசிப் பலகையில் ஒதுங்கி அமர்ந்திருப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் அவர்களுக்கு அருகில் ஓர் இருக்கையை நாம் இழுத்துப் போட்டுக்கொண்டால் அதுவே இவ்வறிஞருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி. பெரிய வேலையைக் கண்டு மலையாமல் சிறிது சிறிதாகப் பிரிப்போம். பிரித்ததைச் செம்மையாகச் செய்வோம். உடன் பயில்பவர் எவரையும் வழியில் விட்டுவிடாமல் முன்னேறுவோம்.

வாழ்க டூரிங் புகழ்!